மட்டக்களப்புக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: நல்ல சாப்பாடும் நல்ல சாமானும் எங்கே, எத்தனை மணிக்கு

மாற்றலாகி வருகிற ஆசிரியர்கள், வங்கியில் வேலை கிடைத்து வருகிறவர்கள், வந்தாறுமூலைக் கம்பசுக்குப் படிக்க வருகிற பிள்ளைகள், கலியாணம் முடித்து இங்கே குடிவருகிறவர்கள் என்று எல்லோரும் முதல் கிழமையில் கேட்பது இதைத்தான்: "இங்க நல்ல சாப்பாட்டுக்கடை எது?" ஒரு கடைப் பெயரைச் சொல்லி அனுப்பிவிடலாம், ஆனால் அதனால் பெரிய பயன் இல்லை. காலை ஏழு மணிக்குச் சூடான இடியப்பமும் பாலாணமும் (தேங்காய்ப்பால் விட்ட குழம்பு) தருகிற கடைக்குப் பத்து மணிக்குப் போனால் பணிஸும் தேத்தண்ணியும்தான் மிஞ்சியிருக்கும். விடியற்காலையில் உயிரோடு இறால் விற்ற வாவிக்கரையில் ஒன்பது மணிக்கு ஆளே இருக்காது. இந்த ஊரில் நல்ல சாப்பாட்டைத் தீர்மானிப்பது பெரும்பாலும் நேரம்தான். அதனால் எது நல்ல கடை என்று கேட்பதோடு நிறுத்தாமல், இந்தப் பொருள் எங்கிருந்து வருகிறது, எத்தனை மணிக்கு வருகிறது என்றும் சேர்த்துக் கேட்கப் பழகுங்கள்.

1. முதலில் ஊரின் அமைப்பைப் பிடித்துக்கொள்ளுங்கள்

வாவிக்குக் கிழக்கே கடலோரமாக இருக்கிற நீண்ட நிலம் எழுவான்கரை. மேற்கே வயலும் குளமும் காடுமாக இருப்பது படுவான்கரை. நடுவில் புளியந்தீவும் அதை ஒட்டிய கோட்டைமுனையும்தான் டவுன். இது மனதில் பதிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மீன், தேங்காய், மரக்கறி பெரும்பாலும் எழுவான்கரையில். அரிசி, தயிர், தேன், காட்டுப் பழம், குளத்து மீன் படுவான்கரையில்.

டவுனில் இருந்து தெற்கே கல்லடிப் பாலத்தைத் தாண்டினால் கல்லடி, நாவற்குடா, காத்தான்குடி, ஆரையம்பதி என்று ஊர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே போகும். இன்னும் தெற்கே தேற்றாத்தீவு, களுதாவளை, களுவாஞ்சிகுடி, அதற்கும் அப்பால் மாவட்ட எல்லையைக் கடந்து அம்பாறை மாவட்டத்தின் மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று. வடக்கே போனால் ஏறாவூர், செங்கலடி, வந்தாறுமூலை, பிறகு ஓட்டமாவடி, வாழைச்சேனை. படுவான்கரைக்கு வலையிறவுப் பாலத்தால் வவுணதீவுக்குப் போகலாம், அல்லது மண்முனைப் பாலத்தால் கொக்கட்டிச்சோலைக்குப் போகலாம். மண்முனைப் பாலம் 2014இல் திறக்கப்படும் வரைக்கும் அந்த இடத்தில் படகுப்பாதைதான். பாலம் வந்த பிறகு அந்தப் பக்கத்துச் சாமான் இந்தப் பக்கம் வருவது எவ்வளவோ சுலபமாகிவிட்டது.

முதல் ஞாயிற்றுக்கிழமை ஒரு மோட்டார் சைக்கிள் கிடைத்தால் தெற்கே களுவாஞ்சிகுடி வரைக்கும் மெதுவாக ஓடிப் பார்த்துவிட்டு வாருங்கள், பஸ்ஸில் போனால் ஜன்னலோரம் இருங்கள், வீதியோரத்தில் எந்த இடத்தில் என்ன விற்கிறார்கள் என்பதை மட்டும் கவனியுங்கள். எந்த வரைபடத்திலும் இல்லாத விஷயம் அதில் கிடைக்கும்.

2. முதல் கிழமை சமைக்க வேண்டாம்

வந்த உடனே காஸ் அடுப்பும் சட்டிபானையும் வாங்கி ஓடித் திரியாதீர்கள். முதல் கிழமை வெளியில் சாப்பிட்டுப் பாருங்கள், ஆனால் ஒரே கடையில் மூன்று நேரமும் சாப்பிட வேண்டாம். இங்கே காலைக்கு ஒரு கடை, பகலுக்கு ஒரு கடை, இரவுக்கு ஒரு கடை என்றுதான் ஊர்க்காரர்களே வைத்திருப்பார்கள்.

காலையில் இடியப்பம், பிட்டு, அப்பம், தோசை. ஆறரைக்கும் எட்டுக்கும் இடையில் போய்விடுங்கள். கடையை விட வீடுகளில் அவிக்கிற இடியப்பம்தான் பெரும்பாலும் நன்றாக இருக்கும். ஒவ்வொரு ஒழுங்கையிலும் இடியப்பமோ அப்பமோ சுட்டு விற்கிற ஒரு அக்கா இருப்பார், அதற்குப் பெயர்ப்பலகை இருக்காது. நீங்கள் இருக்கிற வீட்டுச் சொந்தக்காரரிடமோ மூலைக்கடை அண்ணனிடமோ "இங்க இடியப்பம் யார் அவிக்கிற?" என்று கேட்டால் போதும், வீட்டைக் காட்டிவிடுவார்கள். முதல் நாள் இரவே எண்ணிக்கையைச் சொல்லிவைத்துவிட்டால் காலையில் உங்களுக்கென்று எடுத்து வைத்திருப்பார்கள். தனியாக இருக்கிறவர்களுக்கு இதே வழியில் இன்னொரு வசதியும் உண்டு: மாதக் கணக்கில் சாப்பாடு கொடுக்கிற வீடுகள். பகல் சோறும் இரவுச் சாப்பாடும் பேசி எடுத்துக்கொள்ளலாம். கம்பஸ் பிள்ளைகளுக்கும் தனியாக வந்து வேலை செய்கிறவர்களுக்கும் இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது என்பது என் எண்ணம். பேசும்போது வெள்ளிக்கிழமை மரக்கறியா, கிழமையில் எத்தனை நாள் மீன், ஊருக்குப் போகிற நாட்களுக்குக் காசு கழிப்பார்களா என்பதையெல்லாம் தொடக்கத்திலேயே பேசிவிடுங்கள்.

பகலுக்குச் சோறு. பன்னிரண்டரை மணிக்குப் போங்கள். ஒன்றரைக்குப் பிறகு கறிகள் குறைந்து, கடைசியில் பருப்பும் கோவாவும்தான் மிஞ்சும். நல்ல சோற்றுக்கடையைக் கண்டுபிடிக்க நான் பார்ப்பது மூன்று விஷயம். ஒன்று, கச்சேரி, ஆஸ்பத்திரி, கோட்டு போன்ற இடங்களில் வேலை செய்கிறவர்கள் அங்கே நடந்து வந்து சாப்பிடுகிறார்களா. தினமும் சாப்பிடுகிறவர்கள் கெட்ட கடையைப் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள். இரண்டு, இலைச்சுண்டல் இருக்கிறதா. முருங்கை இலையோ பொன்னாங்காணியோ ஆய்ந்து, நறுக்கி, தேங்காய்ப்பூ போட்டுச் சுண்டுவது மெனக்கெட்ட வேலை, அதைத் தினமும் செய்கிற கடை மற்றக் கறிகளையும் கவனமாகத்தான் செய்யும். மூன்று, மீன் கறியின் மீன் என்ன என்று கேட்டால் உடனே பெயர் சொல்கிறார்களா. "பாரை", "சூரை", "ஓரா" என்று சட்டென்று பதில் வந்தால் காலையில் வாங்கிய ஆளே அங்கே நிற்கிறார் என்று அர்த்தம்.

இரவுக்குக் கொத்து, பராட்டா, ரொட்டி, பிட்டு, இடியப்பம். கொத்து ரொட்டி பிறந்ததே கிழக்கில்தான் என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள், அதில் ஊர்ப் பெருமையும் கலந்திருக்கிறது. எப்படியோ, கொத்தைப் பொறுத்தவரை கூட்டம் உள்ள கடைதான் நல்ல கடை, ஏனென்றால் ரொட்டி அடுக்கில் கிடந்து காய்வதில்லை. ஏழரைக்கும் ஒன்பதுக்கும் இடையில் போங்கள். நீங்கள் பார்க்கவே மாவை வீசி ரொட்டி போட்டு அதையே கொத்தித் தருகிற கடை கிடைத்தால் அதை விடாதீர்கள்.

சைவக்காரர்கள் ஒரு விஷயத்தை மிகவும் கவனிக்க வேண்டும். மாசி, அதாவது அவித்துக் காயவைத்த சூரை. தேங்காய்ச் சம்பல், கட்டைச்சம்பல், சீனிச்சம்பல், சில கடைகளில் மரக்கறிக்குள்ளும்கூட மாசித்தூள் போட்டுவிடுவார்கள், கேட்டால் "மீன் இல்ல, மரக்கறிதான்" என்றுதான் சொல்வார்கள், மாசியை அவர்கள் மீன் கணக்கில் சேர்ப்பதில்லை. அதனால் "மச்சம் இல்லையே" என்று கேட்காமல் "மாசி போட்டிருக்கா?" என்றே நேராகக் கேளுங்கள். சைவக்கடைகளில் இந்தக் கவலை இல்லை, ஆனால் வெள்ளிக்கிழமைகளிலும் கந்தசஷ்டி போன்ற விரத நாட்களிலும் அங்கே நெரிசல் அதிகம், கொஞ்சம் முந்திப் போங்கள். அதேபோல மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் பராட்டாவுக்கும் கொத்துக்கும் ஊற்றுகிற குழம்பு எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். கோழிக் கொத்து கேட்டாலும் ஊற்றுகிற குழம்பு மாட்டிறைச்சிக் குழம்பாக இருக்கலாம். கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை, கடைக்காரர்களுக்கும் இது பழகிப்போன கேள்விதான்.

3. மீன்: இதற்காக நித்திரையைக் கொஞ்சம் விடுங்கள்

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு தரம் வாசியுங்கள். மீன்பாடும் தேன்நாடு என்று பெயர் எடுத்த ஊருக்கு வந்துவிட்டு ஐஸில் கிடந்த மீனைச் சாப்பிட்டுவிட்டுப் போவது பெரிய நட்டம்.

இங்கே மீன் நான்கு வழிகளில் வருகிறது. முதலாவது வாவி மீன். இரவு வலை போட்டு விடியும்போது தோணிகள் கரைக்கு வரும். இறால், நண்டு, திரளி, ஓரா, கொடுவா எல்லாம் அதில் இருக்கும். வாவி இறாலின் இனிப்பு வேறு எந்த இறாலுக்கும் இல்லை என்று நான் உறுதியாகச் சொல்வேன். வாவிக்கரையோர ஊர்களிலும் பாலத்தடிகளிலும் காலை ஆறு மணி போலப் போய் நின்றால் நேரே வாங்கலாம். இரண்டாவது கரைவலை மீன். கடல் அமைதியாக இருக்கிற மாதங்களில், ஏறக்குறைய பங்குனியில் இருந்து புரட்டாதி வரைக்கும், கடற்கரையில் கரைவலை இழுப்பார்கள். கீரி, சூடை, நெத்தலி, பாரைக்குட்டி என்று கலந்து வரும். கரையிலேயே கூறு போட்டு விற்பார்கள். மூன்றாவது ஆழ்கடல் மீன். வாழைச்சேனைத் துறைமுகத்தில் இருந்து பல நாள் படகுகள் போய் வருகின்றன, சூரை, கெளவல்லா போன்ற பெரிய மீன்கள் அங்கிருந்து ஐஸோடு வரும். நான்காவது குளத்து மீன். படுவான்கரைக் குளங்களில் பிடிக்கிற திலாப்பியாவும் விராலும்.

எந்த மீனை எப்படிப் பார்ப்பது என்று அம்மாமார் கையால் தொட்டே சொல்லிவிடுவார்கள், புதியவர்களுக்காக எழுதுகிறேன். கண் தெளிவாகவும் மேலே எழும்பியும் இருக்க வேண்டும், உள்ளே போயிருந்தால் பழசு. பூவை, அதாவது செவுளை, தூக்கிப் பார்த்தால் நல்ல சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அமத்தினால் சதை திரும்பி எழும்ப வேண்டும். இறாலுக்குத் தலை உடம்போடு இறுக்கமாக இருக்க வேண்டும், தலை கறுத்து ஆடினால் வேண்டாம். நண்டைக் கையில் எடுத்துப் பார்த்து அதன் அளவுக்குப் பாரம் இருக்கிறதா என்று பாருங்கள். நிலவு காலத்து நண்டில் சதை இருக்காது என்று இங்கே சொல்வார்கள், பௌர்ணமியை ஒட்டி நண்டு விலை குறைந்திருந்தால் யோசித்து வாங்குங்கள்.

சூரையில் மட்டும் கூடுதல் கவனம். சூரையும் அதன் இன மீன்களும் ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் சதைக்குள் ஹிஸ்டமின் சேர்ந்துவிடும், அதை எவ்வளவு அவித்தாலும் பொரித்தாலும் போகாது. சாப்பிட்டுச் சிறிது நேரத்தில் முகம் சிவந்து, உடம்பு கடித்து, தலையிடிக்கத் தொடங்கும். பகல் பன்னிரண்டு மணிக்குச் சைக்கிள் பெட்டியில் ஐஸ் இல்லாமல் வருகிற சூரையை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். பேத்தை மீனை எந்த நேரத்திலும், யார் சுத்தம் செய்து தந்தாலும் வாங்காதீர்கள். அதன் விஷம் உயிரை எடுக்கும், சமைத்தாலும் அழியாது.

சந்தையில் வாங்கினால் வெட்டித் தருவார்கள், கொஞ்சம் காசு கொடுக்க வேண்டும். கறிக்கா பொரியலுக்கா என்று சொல்லிவிடுங்கள், துண்டின் அளவை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். தலையைக் கேட்டு வாங்குங்கள், பாரைத் தலையில் வைக்கிற புளியாணத்துக்கு ஈடே இல்லை. ஒரே மீன்காரரிடம் தொடர்ந்து வாங்குங்கள். கொஞ்ச நாள் போனால் அவரே "இண்டைக்கு இது வேணாம் தம்பி, நாளைக்கு வாங்க" என்று சொல்லத் தொடங்குவார். அந்த ஒரு வார்த்தை வாங்குவதற்காகவே ஆளை மாற்றாமல் இருங்கள்.

கருவாடும், காயவைத்த குட்டி இறாலான கூனியும் தனி உலகம். கருவாடு கையில் ஒட்டாமல் காய்ந்திருக்க வேண்டும். கூனி வாங்கினால் வெயிலில் ஒருதரம் காயப்போட்டுவிட்டு போத்தலில் அடையுங்கள், மழை நாளில் தேங்காய்ப்பூவோடு சேர்த்து ஒரு சம்பல் இடித்தால் சோற்றுக்கு வேறு எதுவும் தேவைப்படாது.

4. அரிசி, மா, தேங்காய்

அம்பாறையும் மட்டக்களப்பும் நாட்டுக்கே நெல் கொடுக்கிற மாவட்டங்கள், இங்கே இருந்துகொண்டு கடையில் ஒவ்வொரு கிலோவாக அரிசி வாங்குவது தேவையில்லாத செலவு. பெரும்போக வேளாண்மை மாசி, பங்குனியில் வெட்டுவார்கள், சிறுபோகம் ஆவணியை ஒட்டி. வெட்டு முடிந்த காலத்தில் அரிசி ஆலைக்கு நேரே போய்ப் பை கணக்கில் வாங்குங்கள். இரண்டு மூன்று வீட்டுக்காரர்கள் சேர்ந்து வாங்கினால் ஓட்டோக் கூலியும் பகிர்ந்துவிடும். படுவான்கரையில் வயல் செய்கிறவர் உங்கள் அலுவலகத்திலேயே யாராவது இருப்பார், அவரிடம் கேளுங்கள்.

புது அரிசிக்குத் தண்ணீர் குறைவாக வைக்க வேண்டும், பழைய அரிசி கூடுதல் தண்ணீர் எடுக்கும், சோறும் உதிரியாக வரும். வெளியூரில் இருந்து வருகிறவர்கள் முதல் முறை குழைத்துவிடுவது இதனால்தான். சிவப்புப் பச்சை அரிசி கொஞ்சம் எப்போதும் வைத்திருங்கள், பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் அதன் மாதான் சுவை. ஊறவைத்து, வடித்து, மில்லில் கொடுத்தால் மாவாக்கித் தருவார்கள், வீட்டில் வறுத்து அரித்து வைத்துக்கொள்ளலாம். மில்லில் மாவுக்கும் தூளுக்கும் தனித்தனி மெசின் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் இடியப்பம் உறைக்கும்.

தேங்காய் எண்ணிக்கையில் விற்பார்கள். காதருகே வைத்துக் குலுக்கித் தண்ணீர்ச் சத்தம் கேட்டு வாங்குங்கள், கண் பக்கம் ஈரமாக இருந்தால் வேண்டாம். வளவில் தென்னை இருக்கிற வீட்டில் வாடகைக்கு இருந்தால் தேங்காய் பற்றியும் ஒப்பந்தத்திலேயே பேசிவிடுங்கள், பின்னால் மனக்கசப்பு வராது.

தண்ணீரைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடலோரக் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் உவர், அதில் பருப்பு அவிய நேரம் எடுக்கும், தேத்தண்ணியும் சரிவராது. உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் குழாயில் வருகிற வீடு என்றால் சமையலுக்கு அதையே எடுங்கள்.

5. தூள்

பக்கற்றுத் தூளில் சமைக்கலாம், சாப்பிடவும் முடியும். ஆனால் மட்டக்களப்பு மீன்கறி அந்தத் தூளில் வராது. கொச்சிக்காய், மல்லி, பெருஞ்சீரகம், நற்சீரகம், மிளகு, வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை எல்லாவற்றையும் தனித்தனியாக வாங்கி, வெயிலில் காயவைத்து, தனித்தனியாக வறுத்து மில்லில் அரைத்து எடுங்கள். அளவைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கேளுங்கள், வீட்டுக்கு வீடு மாறும், ஒருவர் மிளகைக் கூட்டுவார், ஒருவர் மல்லியைக் குறைப்பார், நான் ஒரு அளவு எழுதினால் அது என் வீட்டுக் கணக்காகத்தான் இருக்கும். கொச்சிக்காய் காம்போடு முழுசாக வாங்குங்கள், உடைந்ததும் வெளுத்ததும் கலந்திருக்கிறதா என்று கையை விட்டு அடியில் இருந்து அள்ளிப் பாருங்கள்.

கூடவே பழப்புளி, கொறுக்காய், றம்பை, உள்ளி, கறுவா. மீன் சமைக்க ஒரு மண்சட்டியும் வாங்கிவிடுங்கள், சந்தையில் கிடைக்கும். புதுச்சட்டியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பழக்கிவிட்டுத்தான் அடுப்பில் ஏற்ற வேண்டும்.

6. மரக்கறி, கீரை, பழம்

கரட், லீக்ஸ், போஞ்சி எல்லாம் மலைநாட்டில் இருந்து லொறியில் வருகிறவை, எந்த ஊரில் வாங்கினாலும் ஒன்றுதான். இங்கே வாங்க வேண்டியது கத்தரி, வெண்டி, பயிற்றை, பூசணி, பச்சைக் கொச்சிக்காய், கீரை. களுதாவளை, தேற்றாத்தீவுப் பக்கத்து மணல் தோட்டங்களில் கிணற்றுத் தண்ணீர் இறைத்துச் செய்கிற மரக்கறி காலையில் பிடுங்கிக் காலையிலேயே விற்பனைக்கு வரும். களுதாவளை வெற்றிலையும் பேர்போனது, பெரியவர்கள் இருக்கிற வீட்டுக்கு முதல் முறை போகும்போது ஒரு கட்டு வாங்கிப் போங்கள்.

கீரையைச் சூப்பர் மார்க்கெட்டில் வாங்காதீர்கள். வீதியோரத்தில் சாக்கை விரித்து நாலைந்து பிடி கீரையோடு இருக்கிற அம்மாவிடம் வாங்குங்கள். வல்லாரை, பொன்னாங்காணி, கங்குன், அகத்தி, முருங்கை என்று அவரிடம் இருப்பதெல்லாம் அன்று பிடுங்கியது. என்ன செய்வது என்று தெரியாவிட்டால் அவரையே கேளுங்கள், எதைச் சுண்ட வேண்டும், எதைப் பாலில் வைக்க வேண்டும் என்று சொல்லித் தருவார். விலை பேச வேண்டாம் அவர்களோடு.

பழங்களுக்குக் காலம் உண்டு. கோடை தொடங்கும்போது மரமுந்திரி வரும், அந்த நேரத்தில் பச்சைக் கஜு கிடைத்தால் தேங்காய்ப்பால் விட்டு ஒரு கறி வையுங்கள். பிறகு காட்டில் இருந்து பாலைப்பழமும் வீரப்பழமும் கொஞ்ச நாளைக்கு மட்டும் வரும், வீதியோரத்தில் சுண்டில் அளந்து விற்பார்கள், கண்டவுடன் வாங்குங்கள், அடுத்த கிழமை இருக்கும் என்று நம்ப முடியாது.

7. தயிர், தேன்

எருமைத் தயிர் படுவான்கரையில் இருந்து வருகிறது. எருமைப் பாலில் கொழுப்பு பசும்பாலைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, அதோடு மண்சட்டி தண்ணீரை உறிஞ்சிவிடுவதால் தயிர் இறுகி வெட்டி எடுக்கிற பதத்துக்கு வரும். சட்டியைச் சரித்துப் பாருங்கள், தயிர் ஓடக்கூடாது, மேலே தண்ணீர் கட்டியிருக்கக்கூடாது, மேல் ஆடை மஞ்சள் கலந்த வெள்ளையாக இருக்க வேண்டும். எப்போது உறைய விட்டது என்று கேளுங்கள், முதல் நாள் உறைந்ததுதான் இனிப்பு. மழைக்குப் பிறகு புல் நிறைந்த மாதங்களில் பால் கூடும், தயிரும் தரமாக இருக்கும். கடும் கோடையில் பால் குறையும், பால்மா கலந்த தயிர் வருவதும் அப்போதுதான். கடைத்தெருவில் அலைவதைவிட வவுணதீவு, கொக்கட்டிச்சோலைப் பக்கம் இருந்து தினமும் வேலைக்கு வருகிற ஒருவரிடம் சொல்லிவைப்பது நல்லது.

தேனுக்கு நெருப்பு வைத்துப் பார்க்கிறது, தண்ணீரில் விட்டுப் பார்க்கிறது என்று பல சோதனைகள் சொல்வார்கள், சீனிப்பாகு கலந்ததைக் கண்டுபிடிக்க அவற்றை நம்ப முடியாது. ஆளை நம்பித்தான் வாங்க வேண்டும். ஊருக்குக் கொண்டுபோகப் பெரிய போத்தலில் வாங்குமுன் சின்னதாக வாங்கிச் சாப்பிட்டுப் பாருங்கள்.

8. காத்தான்குடி, ஏறாவூர், கல்முனை

இந்த ஊர்களுக்குப் போகாமல் மட்டக்களப்பில் சாப்பிட்டேன் என்று சொல்லாதீர்கள். காத்தான்குடி டவுனில் இருந்து பஸ்ஸில் கொஞ்ச நேரம்தான், நடுவீதியில் பேரீச்சை மரங்கள் தெரிந்தால் வந்துவிட்டீர்கள். புரியாணி, நெய்ச்சோறு, ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி, பராட்டா, தொதல், மஸ்கட், வட்டிலப்பம் எல்லாவற்றுக்கும் முஸ்லிம் ஊர்களுக்குத்தான் போக வேண்டும். இறைச்சியைக் காலையிலேயே வாங்குங்கள், பங்கைக் காட்டி எலும்பு எவ்வளவு என்று பேசி வாங்கலாம். கடைக்காரரை "நானா" என்று கூப்பிடுங்கள், வயதான பெண்கள் என்றால் "உம்மா", உங்களைவிடக் கொஞ்சம் மூத்தவர் என்றால் "ராத்தா".

வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரம் கடைகள் பூட்டியிருக்கும், பகல் சாப்பாட்டுக்கு அந்த நேரம் பார்த்துப் போகாதீர்கள். நோன்பு மாதத்தில் பகலில் சாப்பாட்டுக்கடைகள் திறக்காது, ஆனால் மாலையில் அந்த ஊர்களைப்போல வேறு இடம் இல்லை. நோன்புக் கஞ்சி, சமோசா, பலவிதப் பலகாரங்கள் வீதி நெடுகிலும் இருக்கும். கூட வேலை செய்கிற முஸ்லிம் நண்பர் நோன்பு திறக்கக் கூப்பிட்டால் மறுக்காமல் போங்கள். கலியாணத்துக்குக் கூப்பிட்டால் சவனில் சாப்பிடுகிற வாய்ப்பும் கிடைக்கும், ஒரே தட்டைச் சுற்றி இருந்து சாப்பிடுவார்கள், உங்கள் பக்கத்தில் இருப்பதை மட்டும் எடுத்துச் சாப்பிடுவது முறை.

கல்முனை ஏறக்குறைய 40 கிலோமீட்டர். ஒரு விடுமுறை நாளில் காலையிலேயே போய்ச் சந்தையைப் பார்த்துவிட்டு, மருதமுனையிலோ சாய்ந்தமருதிலோ பகல் சாப்பிட்டுவிட்டு வரலாம். போயா தினத்தில் போகாதீர்கள், நாடு முழுக்க இறைச்சிக் கடைகள் பூட்டு.

9. மற்றச் சாமான்

சீஸ், ஓட்ஸ், பாஸ்தா போன்றவைக்கு டவுனில் சூப்பர் மார்க்கெட் இருக்கிறது. பருப்பு, சீனி, மா வாங்கச் சதொசவையும் கூட்டுறவுக் கடையையும் விலை ஒப்பிட்டுப் பாருங்கள். பக்கற்றில் அச்சடித்த விலைக்கு மேல் யாராவது கேட்டால் கொடுக்கத் தேவையில்லை, நுகர்வோர் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்குச் சொல்லலாம்.

10. மழைக்கு முன்னால்

வெளியூர்க்காரர்களை இந்த ஊர் சிரமப்படுத்துவது ஐப்பசியில் இருந்து தை வரைக்கும்தான். வாடைக்காற்றில் கடல் பொங்கும், கரைவலை நிற்கும், கடல்மீன் விலை ஏறும். வாவி நிறைந்து, தண்ணீரைக் கடலுக்கு விட முகத்துவாரம் வெட்டுகிற நேரம் வாவி மீன்பிடியும் குழம்பும். 2011 தை மாத வெள்ளத்தில் வீதிகள் மூழ்கிப் பல ஊர்களுக்குப் போக்குவரத்தே இல்லாமல் போனது, அந்தளவுக்கு இல்லாவிட்டாலும் சில நாட்கள் மலைநாட்டு லொறி வராமல் மரக்கறி தட்டுப்படுவது உண்டு. அந்த மாதங்களில் மீன் வேண்டுமென்றால் குளத்து மீனைக் கேளுங்கள், விராலைப் புளிவிட்டு வைத்தால் கடல்மீன் நினைவே வராது. கருவாடு, கூனி, பருப்பு, கடலை, அரிசி எல்லாம் வீட்டில் இருக்கட்டும், காஸ் சிலிண்டரையும் பார்த்துக்கொள்ளுங்கள். தூளை மட்டும் புரட்டாதி முடிய முன்னமே அரைத்து வைத்துவிடுங்கள், மழை பிடித்துவிட்டால் கொச்சிக்காய் காயவைக்க இரண்டு நாள் வெயில்கூடச் சேர்ந்தாற்போல் கிடைக்காது.